எவ்வளவு தூரம்?

சிறுவர்களுக்கான தொகுப்பு ஒன்றில் சேர்ப்பதற்காக, நம் நாட்டைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். கதை எழுதுகிறவனுக்கு வேண்டாத வேலைதான். இருந்தாலும் ஒப்புக்கொண்டுவிட்டேன். சென்ற ஆனி மாதம், தொப்பம்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். பரப்பு 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகில் ஏழாவது பெரிய நாடு. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 121 கோடி மக்கள். 2023இல் சீனாவையும் மிஞ்சிவிட்டோம் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு. 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். படித்துப் பார்த்தேன். மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒடிசாவிலிருந்து வந்த நாலைந்து இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். பக்கத்து நூல் மில்லில் வேலை. அவர்களில் ஒருவன், இருபத்திரண்டு வயதுப் பையன், கஞ்சம் மாவட்டத்துக்காரன். ஆந்திர எல்லைக்கு அருகில் வளர்ந்தவனாதலால் தெலுங்கும் பேசுவான். எதிர் வீட்டு அவ்வாவின் வீட்டிலும் தெலுங்குதான். விஜயநகர ஆட்சி தெற்கே பரவிய காலத்தில் வந்து குடியேறிய வழியினர். தமிழில் ஊறிப்போன தெலுங்கு அது. அவன் பேசுவது அவளுக்குப் பாதி புரியும். அவள் பேசுவது அவனுக்குப் பாதி புரியும். இரண்டு பாதியும் சேர்ந்து அவனுக்குத் தினம் ஒரு தம்ளர் மோர் கிடைத்துக்கொண்டிருந்தது.

என்னிடம் அவன் முதன்முதலில் கேட்டது மழையைப் பற்றி. "காற்று இப்படி அடிக்கிறதே அண்ணா, மழை எங்கே?"

அவன் ஊரில் அந்த மாதத்தில் நாற்று விடத் தொடங்கிவிடுவார்களாம். நான் மேற்கே கையைக் காட்டினேன். மழையை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறுங்காற்றுதான் நமக்கு வருகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் வந்தால்தான் நமக்கு மழை என்றேன். ஒரே நாட்டில் இரண்டு மழைக்காலமா என்று சிரித்தான்.

அவன் ஊரைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். 1936 ஏப்ரல் முதல் தேதி ஒரிசா தனி மாகாணமாகும் வரை, கஞ்சம் நம் சென்னை மாகாணத்து ஜில்லா! அவனுடைய கொள்ளுத் தாத்தாவும் என்னுடைய கொள்ளுத் தாத்தாவும் ஒரே கவர்னரின் குடிகள். அதற்கும் முந்திய உறவு ஒன்று உண்டு. அந்த மாவட்டத்து ஜௌகடப் பாறையில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் வெட்டிய சாசனத்தில், மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்படுத்திய நாடுகளின் வரிசையில் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். கலிங்கப் போரை எண்ணி அவன் வருந்திய சாசனத்தை மட்டும் கலிங்கத்தில் வெட்டவில்லை. வெட்டுப்பட்டவர்களிடமே போய்ச் சொல்ல அரசனுக்கும் கூச்சம் இருந்திருக்குமோ என்னவோ!

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, நாட்டில் எங்கும் போய் வசிக்கும் உரிமையை எல்லாருக்கும் தந்திருக்கிறது. அந்த உரிமையில்தான் பையன் இங்கே இருந்தான். ஆனால் அவனுடைய ஓட்டு கஞ்சத்தில் இருந்தது. மக்களவையின் 543 இடங்களில் தமிழ்நாட்டுக்கு 39, ஒடிசாவுக்கு 21. 2024 தேர்தலுக்கு ஊர் போக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த 39இலும் அவன் சேர்த்தியில்லை, 21இலும் இல்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவன் ஓடி வந்தான். கையில் போன். தகப்பனார் இறந்துவிட்டார். அவன்தான் மூத்த மகன்.

"இன்று ராத்திரி ரயில் ஏறினால் முகம் பார்த்துவிடலாமா அண்ணா?"

என் முன்னால் காகிதத்தில் கணக்கு இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து சென்னை, அங்கிருந்து நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், பெர்ஹாம்பூர்: சுமார் 1,500 கிலோமீட்டர். அந்த வெயிலில் அங்கே காத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"பார்த்துவிடலாம், கிளம்பு" என்றேன்.

அவ்வா முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை அவன் பையில் திணித்தாள். நான் திண்டுக்கல் வரை போய் ரயிலேற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவ்வா என்னிடம் வந்தாள். "அந்தப் பிள்ளை சாப்பிட்டுதான்னு கேளுப்பா" என்றாள். கூப்பிட்டுக் கொடுத்தேன். எதிர்முனையில் இரும்புப் பாலத்தின் இரைச்சல்; பையனின் குரல் அதில் அமுங்கி அமுங்கி வந்தது. அவ்வா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏதோ பெரிய ஆறாம், முடியவே மாட்டேங்குதாம். என்ன ஆறுப்பா அது?"

நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். "கோதாவரி, அவ்வா. கரைக்குக் கரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்."

இந்த ஜில்லாவைத் தாண்டாதவள் அவள். போனை மடியில் வைத்துக்கொண்டு, இரைச்சல் அடங்கும் வரையில் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் மூன்றாம் நாள் விடிகாலையில் ஊர் சேர்ந்தான். முதல் நாள் மாலையே தம்பி கொள்ளி வைத்துவிட்டானாம்.

பத்துப் பக்கத்தை எப்படியோ நிரப்பி அனுப்பினேன். தூரங்கள் எல்லாம் அதில் சரியாகவே இருந்தன. ஆவணியில் அவன் திரும்பி வந்தபோது அந்தப் பொய்யைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. அவ்வாவிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

"இங்கே மழை பெய்ததா, அண்ணா?"

"இல்லையப்பா, இன்னும் இல்லை" என்றேன்.