சுவரோடு சேரும் அலமாரி

தட்டாஞ்சாவடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,



ரெடிமேட் அலமாரி மூன்றும் வந்து இறங்கிவிட்டன, ஆனால் வாடகைக்கு எடுத்து வந்து நிறுத்தியதுபோல் இருக்கின்றன என்று போனில் வருத்தப்பட்டாய். கதவை மாற்றலாமா என்றும் கேட்டாய். கதவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதே. குறை அங்கே இல்லை. சுவருக்கும் தரைக்கும் பரணுக்கும் நடுவே தெரிகிற சந்துகளில் இருக்கிறது.

வைசியாள் வீதியில் அத்தை வீட்டுச் சுவரலமாரி நினைவிருக்கிறதா? ஒன்றரை அடிச் சுவருக்குள் மாடம் விட்டு, தேக்குச் சட்டத்தைச் சுண்ணாம்புப் பூச்சோடு மட்டமாகப் பதித்திருப்பார்கள். அந்த வீதியின் வீட்டு முகப்புகளைப் பழையபடி சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், உள்ளே இருக்கும் அந்த அலமாரிகளுக்கும் ஒரு விருது தரலாம். உன் வீட்டு உள்சுவரோ நாலரை அங்குலம். அதைக் குடைய முடியாது. அதனால் சுவரைத்தான் அலமாரி வரைக்கும் கொண்டுவர வேண்டும்.

முதலில் அடிப்பகுதி. பிளாஸ்டிக் கால்களைக் கழற்றிவிட்டு நாலு அங்குல உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி, மேலே கடப்பைக் கல் போடச் சொல். மேடையின் முகத்தில், அறையைச் சுற்றி ஓடுகிற அதே ஸ்கர்ட்டிங் டைல்ஸை ஒட்ட வேண்டும். அந்தக் கோடு அறுபடாமல் ஓடினாலே அலமாரி வீட்டோடு கட்டியதாகத் தெரியத் தொடங்கிவிடும். மேடை அழகுக்கு மட்டுமல்ல. இந்த அலமாரிகள் மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிப் போன பிறகு எங்கள் தெருவில் குப்பைக்குப் போன அலமாரிகளில் பாதி, அடி உப்பிப்போனவைதான். வெள்ளம்கூட வேண்டாம், தினமும் வீடு துடைக்கிற ஈரமே போதும். மேடை கட்டும் முன்பே கரையான் மருந்து அடித்துவிடுங்கள்.

மேடை நன்றாகக் காய்ந்த பிறகு மூன்றையும் ரசமட்டம் பார்த்து நிறுத்தி, பக்கப் பலகைகளை ஒன்றோடொன்று திருகாணியால் இறுக்கி, அப்புறம் சுவரில் பிடிக்கச் சொல். பின்னால் அரை அங்குலம் காற்று போக இடம் இருக்கட்டும். குளியலறையை ஒட்டிய சுவராக இருந்தால் அங்கே வைக்கவே வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் வேலையின் உயிர். எந்தச் சுவரும் நேராக இருக்காது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரியும். அதனால் அலமாரியைப் பக்கச் சுவரோடு முட்டவிடாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தி, அந்தச் சந்தில் பிளைவுட் பட்டி கொடுக்க வேண்டும். பட்டியைச் சுவரில் சாய்த்து, ஒரு சிறு மரத்துண்டோடு பென்சிலைச் சேர்த்துப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால், சுவரின் நெளிவு அப்படியே பட்டியில் கோடாக விழும். அந்தக் கோடு வரை இழைப்புளியால் சீவினால் பட்டி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மீதி மயிரிழைச் சந்துக்குச் சுவரில் பூசுகிற மாவு வேண்டாம், வெடித்துவிடும். பெயின்ட் ஏற்கிற அக்ரிலிக் சீலன்ட் போடட்டும். இப்படி இடம் விட்டால் ஓரத்துக் கதவும் சுவரில் இடிக்காமல் முழுசாகத் திறக்கும்.

பரணுக்குக் கீழே உள்ள சந்துக்கும் இதே பட்டிதான். நிறம் அலமாரியின் நிறமாகவே இருக்கட்டும். சுவரின் நிறம் அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.

தச்சர் அவசரப்படுத்தினாலும் இழைக்கிற வேலையை விட்டுக்கொடுக்காதே, கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடு. சுவருக்குச் சுவர் உள்ள அகலத்தைத் தரையில், இடுப்பு உயரத்தில், பரணுக்குக் கீழே என்று மூன்று இடத்தில் அளந்து அனுப்பு. தொழிற்பேட்டைப் பக்கம் தெரிந்த பட்டறை இருக்கிறது. பட்டிகளைக் கொஞ்சம் அகலமாகவே அறுத்து வாங்கி, வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்