வாசலுக்கு வரும் தோசையின் விலை

பிழைப்பைத் தேடித் தில்லிக்கு வந்த நம் முன்னோர் ஒரு தோசைக்காகப் பேருந்து ஏறிக் கரோல் பாக் வரை சென்றனர். இன்று தோசையே நம் வீட்டு எண்ணைத் தேடி வருகின்றது. 2008-இல் இத்தலைநகர் வட்டாரத்தில் உணவகங்களின் விலைப்பட்டியல்களைத் தொகுத்துத் தரும் இணையதளமாகத் தோன்றிய நிறுவனம், 2010-இல் சொமாட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014-இல் பெங்களூரில் ஸ்விக்கி பிறந்தது. பம்பாயின் டப்பாவாலாக்கள் வீட்டுச் சமையலை அலுவலகத்துக்குச் சுமந்து சென்றனர். இப்போதோ கடைச் சமையல் வீட்டுக்குள் வருகின்றது.

இந்த வசதியின் மெய்யான விலை என்ன? அலுவலகத்தில் நாள்தோறும் செலவுப் பட்டியல்களைச் சரிபார்த்துப் பழகிய நமக்கு, இதனையும் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவது இயல்பே.

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு மசால் தோசை என்று கொள்வோம். கடையில் ஒன்று 120 ரூபாய் என்றால், கைப்பேசிச் செயலியில் அதுவே 140 ஆக இருப்பதுண்டு. விற்பனையில் ஒரு பங்கைச் செயலி நிறுவனம் தரகாக எடுத்துக்கொள்வதால், பல உணவகங்கள் அதனை விலையிலேயே ஏற்றிவிடுகின்றன. ஆக, தோசைக்கு 560. பார்சல் கட்டணம் 30. இவற்றின் மேல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 29 ரூபாய் 50 காசு. கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் 40. செயலியைப் பயன்படுத்துவதற்கென 2023 முதல் தனியே வாங்கப்படும் கட்டணம் 15. இவ்விரண்டின் மேல் 18 விழுக்காடு வரி 9 ரூபாய் 90 காசு. மொத்தம் 684 ரூபாய் 40 காசு. தொகைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறலாம், தலைப்புகள் மாறுவதில்லை.

அதே நான்கு தோசையைக் கடையில் அமர்ந்து உண்டால், 480-உம் வரி 24-உம் சேர்ந்து 504. நடந்து போகும் தொலைவில் கடை இருந்தால் அத்துடன் முடிந்தது. போக வர ஆட்டோவுக்கு 120 கொடுத்தாலும் 624 தான். மேலும், கல்லிலிருந்து இலைக்கு வரும் தோசை வேறு; பெட்டிக்குள் அரைமணி நேரம் தன் ஆவியிலேயே வெந்து துவண்டு வரும் தோசை வேறு. இட்லி, பொங்கல், தயிர்சாதம் ஆகியவை பயணத்தைப் பொறுத்துக்கொள்ளும். தோசைக்கும் பூரிக்கும் அந்தப் பொறுமை கிடையாது. பணம் முழுமையாகக் கொடுத்துப் பண்டத்தைக் குறையாகப் பெறுவதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதே.

இனி வீட்டுக்கு வருவோம். அரிசி, உளுந்து, உருளைக்கிழங்கு, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து 120 ரூபாய் என்று வைக்கலாம். ஊரிலிருந்து எங்கள் இல்லத்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "வீட்டில் செய்தால் செலவே இல்லையே" என்றார். எங்கள் வீட்டு அம்மையார் சிரித்துக்கொண்டே, "ஆமாம் மாமா, கூலி கொடுக்காத வேலைக்குச் செலவு ஏது?" என்றார். அவரும் காலையில் டிபன் டப்பாக்களைக் கட்டி வைத்துவிட்டு அலுவலகம் செல்பவர்.

அந்தக் கேள்வியில் ஒரு பெரிய கணக்கு அடங்கியுள்ளது. 2024-இல் மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 289 நிமிடங்களையும், அதில் ஈடுபடும் ஆண் 88 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். ஊற வைத்து, அரைத்து, தில்லியின் தை மாதக் குளிரில் புளிக்க மறுக்கும் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்து, பின்னர் கல்லின் முன் நின்று எல்லார்க்கும் வார்த்துக் கடைசியில் தாம் உண்பவரின் உழைப்பை இரண்டரை மணி நேரம் என்று மதிப்பிடலாம். மணிக்கு 100 ரூபாய் என்று குறைத்தே எழுதினாலும் 250 ஆகும். வீட்டுத் தோசையின் விலை 120 அன்று, 370. அப்போதும் வீடே மலிவு என்பது உண்மை. ஆயினும் 564 ரூபாய் மிச்சம் என்று பேசியது 314 ரூபாயாகச் சுருங்கிவிடுகின்றது. இடையிலுள்ள 250-ஐ மிச்சப்படுத்தித் தந்தவர் யார் என்பதை எந்தக் குடும்பக் கணக்கும் எழுதுவதில்லை.

எழுதப்படாத பத்தி இன்னொன்றும் உண்டு. மே மாத அனலில் மூன்றாம் மாடி ஏறி வரும் இளைஞர், தம் வண்டிக்குத் தாமே பெட்ரோல் போடுகின்றார். நிறுவனம் அவரைக் கூட்டாளி என்று அழைக்கும். ஊழியர் என்று அழைப்பதில்லை. இத்தகையோர் நலனுக்கென நாட்டிலேயே முதன்முதலாக 2023-இல் இராஜஸ்தான் சட்டம் இயற்றியது. 2020-இல் நிறைவேறிய மைய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்கள் நலனுக்குச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கின்றது. நாம் வீட்டில் அமர்ந்து பெறும் அரைமணி நேர ஓய்வின் விலையில் ஒரு பகுதியை அவர் தம் உடம்பால் செலுத்துகின்றார்.

ஆதலால் வரவழைத்து உண்பதே கூடாது என்பது நம் கருத்தன்று. காய்ச்சலில் படுத்த நாளிலும், ஊரிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கிய நாளிலும் 684 ரூபாய் நியாயமான விலையே. தனியே அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது சில வேளைகளில் அவசியமும் ஆகும். சாதாரண ஞாயிறுகளில் பக்கத்துக் கடைக்கு நடந்து போகலாம். கடைக்காரரின் முகத்தையும் பார்க்கலாம், தரகும் மிச்சம். வீட்டிலேயே செய்வதானால், மாவரைக்க ஒருவர், கிழங்கு உரிக்க ஒருவர், தோசை வார்க்க ஒருவர் என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கல் இப்போது ஆண்கள் வசம் உள்ளது. முதல் தோசை வட்டமாக வருவதில்லை. ஆனால் வீட்டு அம்மையார் அதைச் சூடாகவே உண்கின்றார்.