எந்த மருந்து கேட்டது?

பப்பாளி விதையைக் குழியில் போடுகிறவனுக்கு அது ஆணா பெண்ணா என்று தெரியாது. கன்று முழங்கால் உயரம் வந்தாலும் தெரியாது, இடுப்பு உயரம் வந்தாலும் தெரியாது. மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, எரு வைத்து, சாய்ந்தால் முட்டுக் கொடுத்து வளர்த்த பிறகு, ஒருநாள் இலைக்கக்கத்திலிருந்து நீளமான காம்பு இறங்கி, அதில் பொடிப்பொடியாகப் பூக்கள் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டியே பருத்த மொட்டு வந்தால் பெண். விவரம் தெரிந்தவர்கள் ஒரு குழியில் மூன்று நான்கு கன்றுகளை வைத்துவிட்டு, பூ வந்ததும் வேண்டாததைக் கழிப்பது இதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 2 என்றால் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. கோ 7 என்றால் பெண்ணும் இருபாலுமாக வரும், ஆண் மரத் தொல்லை இல்லை. கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைக் காயவைத்துப் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு வந்தது வரட்டும் என்கிற கணக்குதான்.

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்படி வளர்ந்த ஒரு பப்பாளி ஆணாகப் போயிற்று. வெட்டிவிடலாம் என்று அரிவாளை எடுத்தபோது, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் மதில்மேல் தலையை நீட்டினார். “வெட்டாதீங்க தம்பி. ஒரு ஆணிய அடிங்க. ரோசம் வந்து காச்சிரும்.” நான் தயங்கியதைப் பார்த்து அவரே சுத்தியலோடு வந்து அடித்தும் கொடுத்தார். சில மாதம் கழித்து நீளக் காம்புகளின் நுனியில் ஒல்லியாக இரண்டு மூன்று காய்கள் தொங்கின. தெருவே வந்து பார்த்தது.

ஆண் பப்பாளி சில பருவங்களில் தானாகவே இருபால் பூக்களைப் பூத்துக் கொஞ்சம் காய்க்கும். வெப்பமும் ஈரமும் மாறும்போது நடக்கிற காரியம் அது. பெண் மரம்தான் அப்படி மாறுவதில்லை. இதை அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை. அவர் ஆணி அடித்தார், மரம் காய்த்தது, இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் தெருவில் இருக்கிறார்கள். என்னிடம் இருந்ததோ வெறும் விளக்கம்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் செய்து பார்த்துத்தான் கற்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். செய்து பார்க்கிறோம் என்பது உண்மை. கற்கிறோமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதற்கு எங்கள் ஊரே ஒரு காலத்தில் சாட்சியாக இருந்தது. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. இலையும் காயும் தெரியாதபடி வெள்ளைப் பஞ்சு அப்பி, அதிலிருந்து வடிகிற பிசுக்கில் கரும்பூசணம் படிந்து, வீட்டுக்கு வீடு செம்பருத்தி செத்துக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்தார்கள், வேப்பெண்ணெய் அடித்தார்கள், மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தவர்களும் உண்டு. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துப் பெருக்கி விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும்; குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்று வெளிவரும். அடுத்த சில மாதங்களில் மாவுப்பூச்சி படிப்படியாக அடங்கியது. குளவி யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே சோப்புத் தண்ணீர் அடித்தவர் சோப்புத் தண்ணீர் கேட்டது என்றார். மண்ணெண்ணெய்க்காரர் மண்ணெண்ணெய் கேட்டது என்றார். ஒன்றுமே செய்யாமல் விட்டவர் வீட்டுச் செம்பருத்தியும் துளிர்த்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நோய் ஒன்று, மருந்து நாலு, நடுவில் ஒரு மழை. எது கேட்டது என்று யார் சொல்வது? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்று ஒரு பண்ணை இருக்கிறது. 1843இல் கோதுமை விதைத்து, ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டு, விளைச்சலை எழுதி வைக்க ஆரம்பித்தார்கள், இன்றும் எழுதுகிறார்கள். 1919இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் அந்தப் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தவர். ஒரே வயலில்கூட ஒரு மூலை கொழுப்பாக இருக்கும், ஒரு மூலை மெலிவாக இருக்கும். ஆகவே எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரே சோதனையைப் பல துண்டுகளில் திரும்பச் செய்ய வேண்டும் என்று வழி வகுத்தவர் அவர். இன்று மருந்துக் கம்பெனிகள் மனிதர்கள்மேல் நடத்தும் சோதனைகள்வரை அந்த வழியில்தான் போகின்றன. அந்தப் பண்ணையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரு பட்டைக்கு 1843 முதல் எருவும் கிடையாது, உரமும் கிடையாது. அதிலும் கோதுமை விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், எடை போடுகிறார்கள். மற்ற பட்டைகளுக்கு இட்டது எவ்வளவு பலித்தது என்பதைச் சொல்வது அந்த ஒன்றும் இடாத பட்டைதான்.

நம் வீட்டில் இருப்பது ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, நாலு தக்காளித் தொட்டி. இதில் ஒன்றுக்கு மருந்து கொடுக்காமல் வாடவிட்டு வேடிக்கை பார்க்க யாருக்கு மனசு வரும்?

ஆனாலும் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் கிடைக்கிற பாடம் ஏமாற்றுவதில்லை. முதல் தடவை புடலை போட்டபோது பந்தல் முழுக்கப் பூ. காய் மட்டும் இல்லை. பிஞ்சுகள் விரல் நீளம் வந்து மஞ்சளாகி உதிர்ந்தன. உரம் போதவில்லை என்றார்கள், கண்பட்டிருக்கும் என்றார்கள். காலையில் போய்ப் பார்த்தால் பூ வாடிச் சுருண்டு கிடக்கும். ஒருநாள் மின்சாரம் போய்விட, காற்றுக்காக மொட்டை மாடிக்குப் போனேன். அப்போதுதான் புடலம்பூவை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். வெள்ளை இதழ்களின் ஓரம் நூல் பிரிந்த துணி ஓரம்போல இழையிழையாக விரிந்து, இருட்டில் தனியாகத் தெரிந்தது. புடலை இரவில் பூக்கும். தேனீக்கள் கூட்டுக்குப் போன பிறகு வருகிற அந்துப்பூச்சிதான் அதற்கு ஆதாரம். சுரையும் அந்திக்குப் பிறகுதான். பீர்க்கு மஞ்சளாகப் பூத்தாலும் சாயங்காலக் கட்சி. பூசணியோ விடியும்போதே விரிந்து, வெயில் ஏறுவதற்குள் கடையைக் கட்டிவிடும். தெருவிளக்கும் கட்டடமுமாக இருக்கிற இடத்தில் அந்துப்பூச்சி எப்போதும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அன்றைக்கு ஆண் பூவைக் கிள்ளி இதழை உரித்து, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவில் தொட்டுவிட்டேன். தொட்டுவிட்ட பூக்களுக்கு நூல் கட்டியிருந்தேன். நூல் கட்டியவை நீண்டன, கட்டாதவை பெரும்பாலும் உதிர்ந்தன. இதில் யாரும் என்னோடு வாதாட வர முடியாது. நீண்ட காய் வளையாமல் இருக்க நுனியில் கல் கட்டச் சொன்னது அண்ணன்தான்; அதையும் செய்தேன், அதுவும் சரிதான்.

எலுமிச்சையிலும் இப்படித்தான். இலைமேல் காக்காய் எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் பீய்ச்சினால் எச்சம் நகர்ந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு அது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்து பறவைகளை ஏய்க்கிறது. பெரிதானதும் இலைநிறத்துக்குப் பச்சையாகிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்புகளை நீட்டி நாறும். கன்று சின்னதாக இருந்தால் நாலு புழு போதும், மொட்டையடித்துவிடும். இதற்கு மருந்தே வேண்டாம். தினம் காலையில் காப்பியோடு ஒரு சுற்று வந்தால் கையாலேயே எடுத்துவிடலாம். எடுத்ததைக் கொல்லாமல் மதிலோரம் தானாக முளைத்த கறிவேப்பிலைச் செடியில் விட்டுவிடுவேன். அதையும் அது தின்னும்.

ஒருவர் வாழ்நாளில் செய்து பார்க்க முடியாததைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துச் சுருக்கியவைதான் பழமொழிகள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது எத்தனையோ வயல்களில், எத்தனையோ வருஷங்களில் சோதித்த முடிவு. ஆனால் அது எந்த வயலுக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்று இரண்டாம் மாடியில் ஒரு பீர்க்கங்கொடியையும் நேராக நிற்க விடாது. அம்மியும் பறக்கும் என்றதும் அதே ஆடியைத்தான். குழாய்த் தண்ணீரில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் வளர்க்கிறவனுக்கு மழையை எதிர்பார்த்து விதைக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே விதையை ஆடியில் தண்ணீர்த் தொட்டி மறைவில் முளைக்க வைத்துவிட்டு, காற்று அடங்கியபின் ஆவணியில் பந்தலுக்குக் கொண்டுபோகிறேன். சித்திரையில் தக்காளி பூ உதிர்க்கிறது என்று புலம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான். இரவிலும் சூடு தணியாத மாதத்தில் தக்காளிப் பூ காயாகாது. எந்த மருந்தும் சித்திரையை மார்கழி ஆக்கிவிடாது.

இவ்வளவும் பேசியவன் ஒருமுறையாவது முறைப்படி சோதனை நடத்த வேண்டாமா? மீன் அமிலம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை எடுத்துக்கொண்டேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி போட்ட வாளி, மூன்று வாரம். நாற்றம் பற்றி வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. ஒரே நாளில் நட்ட மிளகாய்ப் பைகளை வரிசையாக வைத்து, காசைச் சுண்டி, தலை விழுந்த பைகளில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். கோடு போட்டதற்கு மீன் அமிலம் கலந்த தண்ணீர். போடாததற்கு வெறும் தண்ணீர். இலை சுருட்டலையும் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பிரித்துக் குறித்தேன். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன் வேலையாக இருக்கும். ஃபிஷர் பார்த்திருந்தால் பைகளின் எண்ணிக்கை போதாது என்று மட்டும்தான் குறை சொல்லியிருப்பார்.

காய் பறிக்கும் நேரத்தில் கோடு போட்டதற்கும் போடாததற்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. மீன் அமிலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு குண்டாவோடு மாடிப்படி ஏறி வந்தார். கோடு போடாத பைகளாகப் பார்த்து அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினார்.

“என்னம்மா பண்றீங்க?”

“ஏஞ் சாமி, இதுக மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதுகளுக்கெல்லாம் மருந்து ஊத்தறே, இதுகளப் பாக்க வெச்சுட்டு. பச்ச உசுரு இல்லியா?”

“எப்ப இருந்து ஊத்தறீங்க?”

“நீ அந்த நாத்தம் புடிச்சத ஊத்த ஆரம்பிச்ச அன்னிக்கிருந்தே.”

அந்த வாரமே எதிர்வீட்டு அக்காவின் மிளகாய்ச் செடி பூ உதிர்த்தது. வாசலில் நின்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது. “அரிசி கழுவின தண்ணிய ஊத்துங்க. மீனு கீனெல்லாம் வேண்டாம். எம்பையனே அளந்து பாத்துட்டான், ரெண்டும் ஒண்ணுதான்.”