ஒரே பந்தயத்தில் முடிந்த சீசன்

கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் பேரன் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு பனி விளையாட்டைக் காட்டினான். நார்டிக் கம்பைண்ட் என்று பெயர்.

முதலில் உயரமான மேடையிலிருந்து சறுக்கி வந்து காற்றில் பாய வேண்டும். பிறகு அதே ஆள் பனியில் கிலோமீட்டர் கணக்கில் சறுக்கி ஓட வேண்டும். பாய்ச்சலில் ஒரு புள்ளி பின்தங்கினால் ஓட்டத்தில் நான்கு விநாடி தாமதமாகக் கிளம்ப வேண்டும். கோட்டை முதலில் தொடுபவருக்கு வெற்றி. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

1924-ல் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இந்த விளையாட்டு இருந்தது, ஆண்களுக்கு மட்டும். பெண்களின் முதல் உலகக் கோப்பைப் பந்தயம் 2020 டிசம்பரில்தான், ஆஸ்திரியாவின் ராம்சாவில் நடந்தது. அமெரிக்காவின் டாரா ஜெராட்டி-மோட்ஸ் ஜெயித்தார். மற்ற பந்தயங்கள் தொற்றால் ரத்தாகிவிட, அந்த ஒரே வெற்றியில் சீசன் பட்டமும் அவருக்கே. ஆண்களுக்கோ சீசன் தொடர்ந்து நடந்தது. நார்வேயின் யார்ல் மக்னுஸ் ரீபர் பட்டம் வென்றார்.

2021 பிப்ரவரியில், ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃபில் பெண்களுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப். மூன்று பதக்கமும் நார்வேக்கே. மறு வருடம் ஒலிம்பிக் கமிட்டி சொன்னது: பங்கேற்கும் நாடுகள் குறைவு, பார்ப்பவர்களும் குறைவு, 2026-லும் பெண்களுக்கு இடமில்லை.

அதைப் படித்ததும் எனக்குப் பழைய மாணவி ஒருத்தி ஞாபகம் வந்தாள். எழுபதுகளின் கடைசி. பையன்கள் டிரிபிள் ஜம்ப் பழகும்போது ஓரமாக நின்று பார்ப்பாள். ஒருநாள், "சார், நானும் தாண்டட்டுமா?" என்று கேட்டாள்.

"பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அந்த ஐட்டம் கிடையாதும்மா. நீ லாங் ஜம்ப் போ" என்று சொல்லிவிட்டேன்.

விதி அப்படித்தான் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு டிரிபிள் ஜம்ப் வந்ததே 1996-ல்தான். அன்றைக்கு அவள் போட்டியில் இடம் கேட்கவில்லை. ஒருமுறை தாண்டிப் பார்க்கத்தான் கேட்டாள். மணல் குழி என் பொறுப்பில்தானே இருந்தது? ஒரு சாயங்காலம் விட்டிருக்கலாம்.

இப்போது அவளுக்கும் பேரன் பேத்தி இருக்கும். எங்கே இருக்கிறாளோ, நன்றாக இருக்கட்டும்.