தேடினா கிடைக்கணுமா?



"ஃபைனல் இயர் பிராஜெக்ட் பத்தி ஏதாவது எழுதிக் கொடு"னு எடிட்டோரியல் டீம் கேட்டப்போ, பிளாக் டயகிராம் எல்லாம் போட்டு உங்களைத் தூங்க வைக்க மனசு வரலை. அதனால பிராஜெக்டுக்குள்ள நாங்க நாலு பேரும் போட்ட சண்டையைப் பத்திச் சொல்றேன். அந்தச் சண்டைல நீங்களும் இருக்கீங்க.

பிராஜெக்ட் சிம்பிள்தான். நம்ம காலேஜ்ல படிக்கிறவங்க, படிச்சு முடிச்சவங்க எல்லாரோட லிங்க்ட்இன், கிட்ஹப், இன்ஸ்டா ஐடிகளையும் ஒரே இடத்தில் தேடக்கூடிய ஒரு டைரக்டரி. முதல் ரிவியூவில் வெறும் லிஸ்ட் மட்டும் காட்டினோம். "நல்லாருக்கு, அடுத்த ரிவியூவுக்குப் புதுசா என்ன ஃபீச்சர்?"னு கேட்டு அனுப்பிட்டாங்க.

இது எதுக்குனு நீங்க கேட்கலாம். அப்பாவோட ஃபிரெண்டு கம்பெனியில் மேனேஜரா இருந்தா உங்களுக்கு இது தேவையே இல்லை. எங்க வீட்ல இன்ஜினியரிங் படிக்கிற முதல் ஆள் நான். ரெஃபரல்னா என்னன்னே தேர்ட் இயர்லதான் தெரியும். அதே கம்பெனியில் நம்ம சீனியர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், ஆனா அவர் இருக்கிறதே நமக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் இதை ஆரம்பிச்சோம்.

ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி எல்லார்கிட்டயும் ஐடியா கேட்டோம். வந்தது இவ்வளவு: மொபைல் நம்பர் போட்டா ஆள் வரணும். ஊர், ஸ்கூல் வச்சுத் தேடணும். யாரையும் கேட்காம நாமளே எல்லார் ஐடியையும் தேடி எடுத்துச் சேர்த்துடணும். ஃபாலோயர்ஸ் அதிகமா இருக்கிறவங்க மேலே வரணும். யார் நம்ம புரொஃபைலைப் பார்த்தாங்கனு தெரியணும்.

போர்டுல எழுதினப்போ எல்லாமே சூப்பரா இருந்தது. கோடு எழுதவும் பெரிய கஷ்டம் இல்லை. ஆனா லிட்ரேச்சர் சர்வேக்காகப் பழைய கதைகளைத் தேடிப் படிச்சப்போதான் ஒவ்வொரு ஃபீச்சரும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது.

ஃபேஸ்புக்கோட பேரே ஒரு டைரக்டரியோட பேர்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் போட்டோவும் பேரும் போட்டு அச்சடிக்கும் புத்தகத்துக்கு ஃபேஸ் புக்னு பேர். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் ஆரம்பிச்சப்போ அந்தக் காலேஜ் மெயில் ஐடி இருக்கிறவங்க மட்டும்தான் உள்ளே போக முடியும். கிட்டத்தட்ட எங்க பிராஜெக்ட் மாதிரியே!

2006 செப்டம்பரில் அதில் நியூஸ் ஃபீட் வந்தது. யோசிச்சுப் பாருங்க, அதில் புதுசா ஒரு ரகசியமும் வெளியே வரலை. நண்பர்களோட பக்கத்துக்குப் போனா ஏற்கெனவே பார்க்கக் கூடியதுதான். அதையெல்லாம் திரட்டி ஒரே இடத்தில் காட்டினாங்க, அவ்வளவுதான். ஆனா லட்சக்கணக்கான மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. சில நாள்லயே பிரைவசி செட்டிங்ஸ் சேர்க்க வேண்டியதாச்சு.

எங்க டீம்ல பெரிய சண்டையே இதுலதான். "இன்ஸ்டாவில் பப்ளிக்காதானே வச்சிருக்காங்க? நாம எடுத்துப் போட்டா என்ன தப்பு?"னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: நீங்க எந்த பஸ்ல ஏறுறீங்கனு அந்த பஸ்ல வர்றவங்களுக்குத் தெரியும். எந்த ஹாஸ்டல்னு வார்டனுக்குத் தெரியும். சொந்த ஊர் கிளாஸ்மேட்ஸுக்குத் தெரியும். எந்த சனிக்கிழமை ஊருக்குப் போறீங்கனு ரூம்மேட்டுக்குத் தெரியும். எதுவுமே ரகசியம் இல்லை. ஆனா இத்தனையையும் ஒரே ஷீட்ல டைப் பண்ணி, உங்க போட்டோவோட நோட்டீஸ் போர்டுல ஒட்டினா சும்மா இருப்பீங்களா?

மொபைல் நம்பர் விஷயம் இன்னும் பெருசு. நம்பர் போட்டுத் தேடும் வசதியை ஃபேஸ்புக் 2018 ஏப்ரலில் நிறுத்திடுச்சு. போனில் இருக்கிற கான்டாக்ட்ஸை அப்லோட் பண்ணி நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதி மட்டும் இருந்தது. அதையும் தப்பாப் பயன்படுத்தினாங்க. 2021 ஏப்ரலில் 53.3 கோடிப் பேரோட விவரங்கள், போன் நம்பரோட, இணையத்தில் இலவசமாக் கிடைச்சது. இதுக்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. காரணத்தைக் கவனிங்க: வடிவமைக்கும்போதே, டீஃபால்ட்டாகவே பாதுகாப்பு இருக்கணும் என்ற விதியை மீறினதுக்காக. அதாவது, எங்களை மாதிரி டிசைன் பண்றவங்க செய்ய வேண்டிய வேலையில் குறை.

இது எனக்கு வெறும் செய்தி இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது என் பெரியம்மா பொண்ணு இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தாங்க. (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) ரீசார்ஜ் பண்ண ஒரு கடையில் நம்பரை நோட்டுல எழுதிட்டு வந்தாங்க. அந்த நம்பரை ஒரு ஆப்ல போட்டா அக்காவோட பேர், போட்டோ, காலேஜ் எல்லாமே வந்தது. ரெண்டே நாள்ல தெரியாதவங்ககிட்ட இருந்து மெசேஜ், அப்புறம் கால். ஒருத்தன் "உங்க காலேஜ் கேட்ல நிக்கிறேன்"னு அனுப்பினான். வீட்ல நம்பரை மாத்தினாங்க, எல்லா அக்கவுன்ட்டையும் டெலீட் பண்ண வச்சாங்க. அக்கா மேல ஒரு தப்பும் இல்லை, ஆனா போன் போனது அக்காவோடது.

இதோட கதை முடியலை. படிச்சு முடிச்சு வேலை தேடினப்போ அக்காவுக்கு லிங்க்ட்இன்கூட கிடையாது. கூடப் படிச்சவங்க எந்தக் கம்பெனியில் இருக்காங்கனு தெரியாது. முதல் வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. யாரோ ஒருத்தனுக்குக் கிடைக்காம இருக்க, எல்லாருக்கும் கிடைக்காம போயிட்டாங்க.

அதனால "டைரக்டரியே ஆபத்து, வேண்டாம்"னு என்னால சொல்ல முடியாது. தேடினா கிடைக்கணும். ஆனா யாருக்கு, எதை வச்சுத் தேடினா, எவ்வளவு தூரம் கிடைக்கணும் என்பதை அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் முடிவு பண்ணணும். மத்த ஃபீச்சர் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

கடைசியா நாங்க முடிவு பண்ணினது இது.

மொபைல் நம்பர் தேடல் கிடையாது. நம்பரை நாங்க வாங்குறதே இல்லை. இல்லாத டேட்டா லீக் ஆகாது.

நாங்களா யாரையும் சேர்க்க மாட்டோம். நீங்களே வந்து சேரணும். மாஸ்டடான்ல 2019-ல் இப்படித்தான் புரொஃபைல் டைரக்டரி கொண்டு வந்தாங்க. விருப்பம்னு டிக் பண்ணினவங்க மட்டும்தான் அதில் தெரிவாங்க.

ஒவ்வொரு ஐடிக்கும் தனி பூட்டு. லிங்க்ட்இன் எல்லாருக்கும், இன்ஸ்டா உங்க பேட்ச்சுக்கு மட்டும்னு வச்சுக்கலாம். நீங்க எதையும் தொடலைனா எல்லாமே மூடித்தான் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒருத்தர் 30 புரொஃபைல்தான் பார்க்க முடியும். இது ஓவர்னு சிலர் சொன்னாங்க. 2025-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பின் கான்டாக்ட் தேடும் வசதியில் நம்பர்களை வரிசையாப் போட்டுப் பார்த்தே சுமார் 350 கோடி அக்கவுன்ட்களை உறுதிசெஞ்சாங்க. அவ்வளவு வேகமா கேட்டும் யாரும் தடுக்கலை என்பதுதான் அங்கே ஓட்டை. நம்ம காலேஜை முழுசா அள்ள ஒரு சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்.

ஃபாலோயர்ஸ் ரேங்க் வேண்டாம்னு முடிவாச்சு. ட்விட்டருக்கு 2009-ல் வீஃபாலோனு ஒரு டைரக்டரி வந்தது. நாமளே நம்ம துறையை டேக் போட்டுச் சேரலாம், அருமையான ஐடியா. ஆனா ஃபாலோயர்ஸ் அதிகம் இருக்கிறவங்க மேலே வர்ற மாதிரி வச்சாங்க. ஏற்கெனவே பிரபலமானவரைத் தேட டைரக்டரி எதுக்கு? நாங்க அதுக்குப் பதிலா "உதவத் தயார்"னு ஒரு டேக் வச்சிருக்கோம். ரெஃபரல், ரெஸ்யூமே, கேட் எக்ஸாம், மேல்படிப்புனு சீனியர்களே தேர்ந்தெடுக்கலாம். தேடும்போது அவங்கதான் முதல்ல வருவாங்க.

யார் பார்த்தாங்கனு காட்டும் வசதியும் இல்லை. சீனியர் புரொஃபைலைப் பார்க்கவே தயங்குற ஃபர்ஸ்ட் இயர் பசங்க அப்புறம் உள்ளேயே வர மாட்டாங்க.

டெலீட் பட்டன் முதல் பக்கத்திலேயே இருக்கு. அழுத்தினா டேட்டாபேஸ்ல இருந்தே போயிடும். "ஏன் போறீங்க?"னு கேள்வி கேட்க மாட்டோம்.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு, மறைக்கலை. நாங்களே அள்ளிப் போட்டிருந்தா முதல் நாளே டைரக்டரி நிரம்பி வழிஞ்சிருக்கும். இப்போ முதல் வாரம் சேர்ந்தது எங்க கிளாஸ் மட்டும்தான். டெமோவில் "சிவில்"னு தேடினா காலிப் பக்கம் வருது. இன்ஸ்டாவுக்குத் தனி பூட்டு போட்ட பிறகுதான் பொண்ணுங்க சேர ஆரம்பிச்சாங்க. மெதுவாத்தான் நிரம்பும்.

இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. உங்க ஆப் ஒவ்வொண்ணுலயும் பிரைவசி செட்டிங்ஸ் போய், நம்பரை வச்சு யார் உங்களைக் கண்டுபிடிக்கலாம்னு பாருங்க. சிக்னல்ல 2024-ல் இருந்து "யாரும் இல்லை"னுகூட வைக்கலாம். மத்த ஆப்ல நீங்க எப்பவோ "அலோ" அழுத்தினது அப்படியே இருக்கலாம். பார்த்துட்டு, முடிஞ்சா உங்க தங்கச்சி போன்லயும் அம்மா போன்லயும் பாருங்க.

அப்புறம் எங்க டைரக்டரிக்கு வாங்க. விருப்பம் இருந்தா மட்டும். சிவில் டிபார்ட்மென்ட் சீனியர்ஸ், உங்களைத்தான் சொல்றேன்!

அடுத்த மாசம் ரெண்டாவது ரிவியூ. கேட்ட ஃபீச்சர்ல பாதியை ஏன் பண்ணலைனு பேனல்ல கேட்பாங்க. மேலே எழுதினதைத்தான் சொல்லப் போறேன். மார்க் எவ்வளவுனு அடுத்த இதழ்ல சொல்றேன்.