பனியனுக்கு முன்னால் பாசிமணி

திருப்பூர் என்றதும் பனியன்தானே நினைவுக்கு வரும்? ஆனால் இந்த நொய்யல் கரையில் செய்த சரக்கு கடல் தாண்டிப் போகத் தொடங்கி 2,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணல் போயிருந்தேன்.

சென்னிமலையில் இருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. நொய்யலின் வடகரையில் சின்ன ஊர். காட்டுக்குள் அங்கங்கே கல்வட்டங்கள், நெட்டுக்குத்தாக நிற்கும் கற்கள். எல்லாம் பழங்கால ஈமச்சின்னங்கள்.

"ஏனுங்க, பாசி பொறுக்க வந்தீங்களா?" ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார். மழை பெய்தால் மண் கரைந்து மணிகள் மேலே தெரியுமாம்.

பதிற்றுப்பத்தில் கபிலர் சொல்லும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் இங்கே அகழாய்வில் இறங்கியது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம் என விதவிதமான மணிகள் கிடைத்தன. முழுதாக முடித்தவை மட்டுமல்ல, பாதியில் விட்டவை, உடைந்த சில்லுகளும் கிடைத்தன. அப்படியென்றால், மணிப் பட்டறையே இங்கேதான் இருந்திருக்கிறது! பச்சைக்கல்லுக்குப் பேர்போன படியூர் காங்கேயம் பக்கம்தான். கரூரில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம் போகும் பாதையும் இதுதான்.

இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் வெளியே வந்தன. எனக்கு அதிகம் பிடித்தது, நூல் நூற்கும் சுடுமண் தக்களி. அன்றைக்கே இங்கே பருத்தி நூல் திரித்திருக்கிறார்கள்!

ஊரில் இருந்து சில கி.மீ. தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992-ல் திறந்தார்கள். வந்து தேங்கியதோ சாயக்கழிவு. வயலும் கிணறும் பாழாயின. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

"அப்ப ஆடுகூட அந்தத் தண்ணியில வாய் வெக்காதுங்க" என்றார் அந்த அம்மா.

மணி செய்தவர்கள் விட்டுப்போன கழிவு, வெறும் கல் சில்லு. அதை அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கிறோம். நம் கழிவை நம் பேரப்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? திரும்பும்போது இதுதான் மனதில் ஓடியது.

நீங்களும் ஒருநாள் குழந்தைகளோடு போய் வாருங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் மணி பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்; அது கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் வரலாறு.