பொன்னுருவியின் ஒன்பது பாட்டு

எங்கள் கூத்து ஜமாவில் கர்ண மோட்சம் ஆடும்போது பொன்னுருவி பாடுகிற பாட்டுகளில் ஒன்பது, முதல் இரண்டு அடிக்கு மேல் என் தாத்தாவுடையவை அல்ல. நான் எழுதியவை. பதினான்கு வயதில், ஒரே ராத்திரியில், மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில் எழுதினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவற்றைத் தாத்தாவின் பாட்டு என்றே பாடுகிறார்கள், கேட்டு அழுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். குடும்பத் தொழில் தெருக்கூத்து. ஒரே ஓட்டு வீட்டில் பதினான்கு பேர். தாத்தா ஒரு காலத்தில் பெண் வேடத்துக்குப் பெயர் போனவர். பெரியப்பா ஆர்மோனியமும் பின்பாட்டும். அப்பா மிருதங்கம். சித்தப்பா கட்டியக்காரனும் கட்டுவார், தேவைப்பட்டால் திரௌபதியும் கட்டுவார். அத்தை களரி ஏறியதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பெண்கள் ஆடுகிற வழக்கம் இல்லை. ஆனால் பதினெட்டு நாள் பாரதமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அடுப்பங்கரையிலிருந்தே, "அந்த எடத்துல அர்ச்சுனன் அப்பிடிக் கேக்க மாட்டான்டா" என்று குரல் வரும். தாளம் ஒரு நொடி நிற்கும். அவள் சொன்னபடி மாற்றிப் பாடுவார்கள்.

தை கழிந்தால் ஆடி வரைக்கும் வீட்டில் பகல் ராத்திரி என்பதே கிடையாது. திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறிவிடும். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்வார். அன்றைக்கு அவர் சொன்ன கதையை ராத்திரி நாங்கள் ஆடுவோம். பத்து மணிக்குக் களரி கட்டினால் விடிகிறவரை. கடைசி நாள் காலையில் மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுகளம், சாயங்காலம் தீமிதி. அதை முடித்துக்கொண்டு அடுத்த ஊர். இடையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் வாசலெல்லாம் வேட்டி காயும், பரணிலிருந்து இறக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் திண்ணையில் கிடக்கும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டியவை அவை. வெயில் பட்டதும் வீட்டுச் சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டு ஆடும். அந்தப் பொட்டுகளைப் பிடிக்க ஓடி ஓடித்தான் நானும் என் தங்கையும் நடை பழகினோம் என்று அம்மா சொல்வாள்.

எங்களுக்குச் சோறு போடுவது யார் என்று கணக்கில்லை. பசிக்கிறது என்றால் யாராவது ஒரு கை ஊட்டும். யார் மடியில் வேண்டுமானாலும் தூங்கலாம். முத்துவெள்ளையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனையில்தான் நாங்கள் தூங்கினோம். அரிதாரம் முழுக்கப் போகாத முகத்தோடு அப்பா பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பணம் வந்தால் வந்த அன்றே தீரும். சண்டை வந்தால் தெருவே கூடும். சண்டையின் நடுவில் யாராவது ஒரு விருத்தத்தை எடுத்தால் போதும், கத்திக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். அன்பு அந்த வீட்டில் குறைந்ததே இல்லை. ஒரு பொருள் வைத்த இடத்தில் இருந்ததும் இல்லை.

1985 ஐப்பசியில் பெரியப்பா இறந்தார். வேர்க்கடலைக் கொல்லையில் வேலையாக இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தாத்தா அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, உன் கையெழுத்து நல்லாக் கீதாமே. ஒரு நோட்டு வாங்கிக்கினு வா."

அவர் பயந்ததன் காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி பெரிய வேடம். பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று அவனைப் பழித்துப் பேசுகிறவள், அவன் குந்தியின் பிள்ளை என்று தெரிந்ததும் உடைந்து போகிறாள். அவனைப் போகவிடாமல் மறிக்கிறாள். அந்த மறிப்பில் தாத்தா நாற்பது நிமிஷம் ஊரையே அழ வைப்பார் என்பார்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களில் கர்ண மோட்சம் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஜமாவும் தன் வாத்தியார் கட்டிய பாட்டைத்தான் பாடும். தாத்தா வேடம் கட்டுவதை விட்டபிறகு சித்தப்பா பொன்னுருவியானார். அவர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மிச்சத்தைப் பெரியப்பா பின்பாட்டில் தாங்கிவிடுவார். ஆக அந்தப் பாட்டுகள் முழுசாக இருந்தது இரண்டு தொண்டையில். ஒன்று போய்விட்டது. எழுத்துத் தெரியாத தாத்தா மீதி ஒன்றை என் கையில் கொடுக்கப் பார்த்தார்.

அடுத்து வந்த கோடை முழுக்க, கூத்துக்குப் போகாத நாள்களில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினோம். அவர் வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு அடி பாடுவார். நிறுத்துவார். "எழுதிக்கினியா?" என்பார். நான் எழுதினேன். முதல் மாதம் உண்மையாகவே எழுதினேன். அப்புறம் சலித்தது. அவர் ஒரே அடியை நான்கு விதமாகப் பாடுவார். அடுத்ததை மறந்து ஆரம்பத்துக்குப் போவார். குழந்தைகள் கத்தும், ஆடு வந்து நோட்டை முகரும், அத்தை உள்ளேயிருந்து திருத்துவாள். வெள்ளிக்கிழமை என்றால் தெருக்கோடி வீட்டுத் தொலைக்காட்சியில் ஒளியும் ஒலியும். எனக்குக் கால் நிற்காது.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு அடி எழுதிவிட்டுக் கீழே நாலு விரற்கடை இடம் விட்டேன். "எழுதிக்கினியா?" "எழுதிட்டேன் தாத்தா." "படி, கேப்போம்." இரண்டு அடி படித்தேன். மூன்றாவது வருவதற்குள் அவரே முந்திக்கொண்டு பாடிவிட்டார். பாட்டு வாயில் வந்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. கண்ணை மூடிக் கடைசி அடிவரை பாடி முடித்து, "சரியா எழுதிக் கீற" என்று என் தலையைத் தடவினார். இது ஒரு வழி என்று அன்று கண்டுகொண்டேன். ஒன்பது முறை அப்படிச் செய்தேன். நேரம் கிடைக்கும்போது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவே இல்லை.

அந்த வருஷங்களில் சென்னையிலிருந்து படித்தவர்கள் எங்கள் வட்டாரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவினர், எங்கள் பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரானிடம் அடவும் பாட்டும் கற்றார்கள். அவர்கள் தேடி வந்து கேட்டதை நான் மரத்தடியில் உட்கார்ந்த இடத்தில் பெற்றேன். பெற்றதில் பாதியைக் கீழே விட்டேன்.

1988 தை பிறக்குமுன் தாத்தா போய்விட்டார். பங்குனியில் ஒரு பெரிய கோயிலில் கர்ண மோட்சத்துக்கு வெற்றிலைபாக்கு வைத்துவிட்டார்கள். "நாளைக்கு அந்த நோட்டக் கொடுடா" என்றார் சித்தப்பா. அன்று ராத்திரி எல்லாரும் தூங்கியபின் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு ஒன்பது இடத்தையும் நிரப்பினேன். மெட்டுத் தெரியும். கூத்து வீட்டுப் பிள்ளைக்குச் சீர் தட்டாமல் சொல் அடுக்குவது கஷ்டமில்லை. ஒரு பாட்டில், "போட்ட கோலம் கலையுமுன்னே போறீரோ என் துரையே" என்று எழுதினேன். அது அம்மாவின் வார்த்தை. விடியற்காலம் வந்து பொழுது சாயும்போதே கிளம்புகிற அப்பாவிடம், "காலைல போட்ட கோலங்கூட இன்னும் கலையல, அதுக்குள்ளயா?" என்று வாசற்படியில் நின்று சொல்வாள். அதைத் தூக்கிப் பொன்னுருவியின் வாயில் வைத்தேன். மைநிறம் தெரியக் கூடாதென்று அதே பேனாவைத் தேடி எடுத்தேன். அந்த வயதில் அவ்வளவு யோசித்திருக்கிறேன்.

ஒத்திகையில் சித்தப்பா நிறுத்தினார். "மேல ரெண்டடி சரி. கீழ கீறது அண்ணன் பாடி நான் கேட்ட மாதிரி இல்லயே." எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அடுப்பங்கரையிலிருந்து அத்தை வெளியே வந்தாள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அது உங்கண்ணன் தானாக் கட்டிப் பாடினது. நைனா பாடினது இதான். நான் கேட்டுக் கீறேன், நீ பாடுடா" என்றாள். அவள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. சித்தப்பா பாடினார்.

ஒரு அடி தவறினாலும் பிடித்துவிடுகிறவள் அவள். அம்மா வாசலில் நின்று சொன்னதைத் தினமும் கேட்டவள். அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்னைக் காப்பாற்றத் தன் அப்பாவின் பாட்டை விட்டுக்கொடுத்தாள். அன்று ராத்திரி அவளிடம் போய், அத்தை, உண்மையான அடிகளைச் சொல், அடித்து எழுதிவிடுகிறேன் என்று நான் கேட்டிருந்தால் ஒன்பதும் திரும்ப வந்திருக்கும். அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் பத்தடி தூரம். நான் நடக்கவில்லை. 2003-இல் அவள் இறக்கும்வரை பதினைந்து வருஷம் அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. என் குற்றங்களில் இதுதான் பெரியது. மரத்தடியில் ஏமாற்றியவன் சிறுவன். இந்தப் பதினைந்து வருஷத்தில் நான் வளர்ந்துவிட்டேன்.

வளர்ந்தபின் நான் பத்திர எழுத்தரானேன். குளறுபடியில் வளர்ந்தவனுக்கு ஒழுங்கு பிடித்துப்போயிற்று என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலும், இடைச்செருகினாலும், இடம் விட்டாலும், எழுதிக் கொடுப்பவர் அந்த இடத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டுச் சான்று செய்ய வேண்டும். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் 20-ஆவது பிரிவு. எத்தனையோ பேருக்கு அதை விளக்கிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆய்வு மாணவி வந்தாள். எங்கள் பாட்டுகளைப் பதிவு செய்தாள். கோலம் வரும் அடியைக் கேட்டதும், இதில் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறதே, எத்தனை தலைமுறைப் பாட்டு என்று என்னைத்தான் கேட்டாள். தாத்தா காலத்துக்கும் முந்தினது என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லியும் கொடுத்தேன். இன்று என் தங்கை மகன் ஜமாவை நடத்துகிறான், பொன்னுருவி அவன்தான். நோட்டைப் படம் பிடித்து மற்ற ஜமாக்காரர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.

போன பங்குனியில் பக்கத்து ஊரில் ஆடினான். முகாரியில் அந்த அடியை எடுத்தபோது என் பக்கத்தில் இருந்த கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதுசில் தாத்தாவின் பொன்னுருவியைப் பார்த்தவளாம். "உங்க தாத்தா பாடின மாதிரியே கீதுப்பா" என்றாள். அப்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. என் சொல் ஒருத்தியை அழ வைத்துவிட்டது என்ற சந்தோஷம். இத்தனை வருஷம் நான் வாய் திறக்காததற்குப் பயம் மட்டுமே காரணம் என்று நம்பியிருந்தேன். அது இல்லை என்று அந்த ராத்திரி தெரிந்தது. தாத்தாவை மறைத்துவிட்டு அவர் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வாரமே நோட்டை வாங்கி வந்து உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பாட்டில் ஒன்பதைச் சிவப்பு மையால் குறித்தேன். இன்ன பக்கம், இன்ன வரியிலிருந்து இன்ன வரிவரை என் கைச்சரக்கு என்று கடைசித் தாளில் எழுதி, ஒவ்வோர் இடத்திலும் சுருக்கொப்பம் இட்டேன். கொண்டுபோய் மருமகனிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகுநேரம் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தான். திட்டவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவன், திட்டமாட்டான்.

"அப்ப இந்த எடத்துல இன்னா பாடறது மாமா?" என்றான்.

முதல் பாட்டை எடுத்தேன். தாத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு இடது கையை நெஞ்சில் வைத்துத் தொடங்குவது போலவே தொடங்கினேன். மருமகன் தொடையில் தாளம் போட்டான். இரண்டாவது அடி முடிந்தது. தாளத்தை விடாமல், மூன்றாவது அடிக்காக அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.